பாபிலோன் அண்ணையின் அலமாரி

எங்கள் ஊரில் இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறைந்த எந்தச் சங்கதியையும் கதைக்க மறுத்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். கலியாணப் பேச்சோ, கோயில் சண்டையோ, மழை பிழைத்துப் புகையிலை கருகியதோ, எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு, "பாபிலோனிலையும் இப்பிடித்தான் நடந்தது..." என்று தொடங்குவார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். நான் அறிய ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் கண்டால் பாபிலோன் அண்ணை. அவர் தெருமுடக்குத் திரும்பியதும் விசரன், பைத்தியக்காரன்.

மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்துக்கொண்டு, அச்சுவேலிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அவர் வந்து இறங்கிய நாள் எனக்கு நல்ல ஞாபகம். மலாயாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டி நிறையப் பட்டும் பிஸ்கட் தகரமும் கொண்டுவருவது வழக்கம். அவரோ இரண்டு மாட்டு வண்டியில் ஐந்து பெரிய மரப்பெட்டிகளோடு வந்தார். அரை ஊர் முற்றத்தில் கூடிவிட்டது. ஆணி கழற்றி முதற்பெட்டியைத் திறந்தார்கள். புத்தகம். இரண்டாவது பெட்டி, புத்தகம். ஐந்தாவது பெட்டியும் திறந்து முடிய அவருடைய தமக்கை தலையில் கை வைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டா.

"என்ரை பிள்ளையாரே! உவன் கப்பலேத்திக் கடதாசியெல்லோ கொண்டந்திருக்கிறான்!"

அத்தனையும் ஆதிகாலச் சரித்திரம். எகிப்து, சுமேரியா, பாபிலோன், சிந்து நதிப் பக்கம் அப்போதுதான் கிண்டி எடுத்த பட்டணங்கள். எல்லாம் இங்கிலீஷ். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்றைத் தானே செய்வித்து, அவ்வளவையும் ஊர் வாசிகசாலைக்குக் கொடுத்தார். எங்கள் வாசிகசாலை என்பது தென்னங்கிடுகு வேய்ந்த ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பத்திரிகை, அந்தப் பத்திரிகைக்குப் பதினொரு பேர். அலமாரி வைத்த அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "இந்த ஊரிலை ஒரேயொரு ஆள் இதிலை ஒரு புத்தகத்தை முழுசா வாசிச்சால் எனக்குக் காணும். பேந்து நான் நிம்மதியாச் செத்துப் போவன்."

ஒரு பேராசை என்று சொல்லமுடியுமா இதை? எங்கள் ஊருக்கு அதுவும் ஏலாமல் போய்விட்டது.

அவருடைய பாபிலோனை ஊர் மதித்தது ஒரே ஒரு முறைதான். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு வேலிச் சண்டை. எங்கள் பக்கத்தில் வேலி என்பது வருஷம் தோறும் நடக்கும். ஒரு வருஷம் அண்ணன் வேலிக் கம்பான கதியாலை நட்டால் தம்பியின் காணிக்குள் ஒரு சாண் போகும். அடுத்த வருஷம் தம்பி நட்டால் ஒன்றரைச் சாண் திரும்பி வரும். கத்தி எடுக்கும் கட்டத்தில் பாபிலோன் அண்ணை ஒரு புத்தகத்தோடு போய் நடுவில் நின்றார். எல்லைக் கல்லை அரக்கி நகர்த்தினவனுக்குப் பாபிலோன்காரர் கல்லிலே வெட்டிவைத்த சாபங்களை ஒவ்வொன்றாய்த் தமிழில் சொன்னார். வயிறு ஊதும். தோல் வெளுக்கும். வயலில் உப்புப் பூக்கும். சந்ததி அறும். சனம் மூச்சுவிடாமல் கேட்டது.

அண்ணன் மெல்லக் கேட்டார்: "உது எங்கடை காணிக்கும் செல்லுமோ?"

"ஏன் செல்லாது? அவங்கடை சாமி செத்ததெண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

அடுத்த நாள் விடிய இரண்டு பேரும் வேலியைப் பிடுங்கிவிட்டு, எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தங்கள் தங்கள் காணிக்குள் ஐந்து முழம் தள்ளிப் புது வேலி போட்டுக்கொண்டார்கள். நடுவில் கிடந்த நிலத்துக்கு உரிமை கோர ஒருவருக்கும் துணிவில்லை. இன்றைக்கு அதுதான் எங்கள் ஊரின் மிக நல்ல ஒழுங்கை. கார் போகும்.

இவ்வளவு கெட்டிக்காரர் புத்தக விஷயத்தில் ஒரு பெரிய பிழை விட்டார். புத்தகம் எடுக்கிறவர் கொப்பியில் ஒப்பம் வைக்கவேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது அவர் ஐந்து கேள்வி கேட்பார். அதுவும் பத்திரிகையைச் சுற்றி நிற்கும் பதினொரு பேருக்கு முன்னால். மூன்று கேள்விக்காவது மறுமொழி சொல்லாவிட்டால், ஒப்பத்துக்குக் குறுக்கே சிவப்பு மையால் கோடிழுத்து 'வாசிக்கவில்லை' என்று எழுதிவிடுவார். மலாயா ரயிலில் டிக்கட் இல்லாதவனைப் பிடித்த கை அல்லவா!

வாசிகசாலைத் தலைவர் எங்கள் ஊர் அதிகாரியான விதானையார். கௌரவத்துக்காக ஆகப் பெரிய புத்தகத்தை எடுத்துப்போய் மறுநாளே கொண்டுவந்தார்.

"விதானையார், யூப்பிரத்தீஸ் ஆறு எந்தப் பக்கமாய்ப் பாயுது?"

"அது பாயிற பக்கம் பாயும். அதைக் கேக்க நீர் ஆர் காணும்?"

சிவப்பு மை விழுந்தது. அன்றிலிருந்து அந்த அலமாரியைக் கண்டால் விதானையாருக்குப் பத்திக்கொண்டு வரும். அதற்கு முன் எடுத்த நாலைந்து பேருக்கும் அதே கதிதான்; பிறகு ஒருவரும் புத்தகத்தில் கை வைக்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார், வாசிகசாலைக் கமிட்டியிலும் ஒருவன். எனக்கு அந்தப் புத்தகங்களில் ஆசை. ஆனால் நாலு பேருக்கு முன்னால் இங்கிலீஷ் வாத்தியாரின் ஒப்பத்தில் சிவப்புக் கோடு விழுந்தால் பிறகு வகுப்பில் எப்படி நிற்பது? ஆகவே அலமாரியின் பூட்டுத் திறப்பு இருக்கும் இடத்தைப் பார்த்துவைத்து, ஆளில்லாத மத்தியானங்களில் சால்வைக்குள் ஒளித்துக் கொண்டுபோனேன். மூன்று புத்தகம். மூன்றையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்து, போனபடியே கொண்டுவந்து வைத்தேன்.

யுத்தம் வந்தது. சீனி இல்லை, அரிசி இல்லை, கடையில் சாமான் சுற்றக் கடதாசி இல்லை. யுத்தச் செய்தி கேட்க வாசிகசாலைக்கு ஒரு ரேடியோ வேண்டுமென்று விதானையார் பொதுக்கூட்டம் கூட்டினார். ரேடியோ வைக்க அலமாரி வேண்டும். புத்தகங்களைக் கடைக்காரருக்குக் கொடுக்கலாம்.

பாபிலோன் அண்ணை எழும்பினார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். "ஆராவது ஒராள் வாசிச்சிருந்தால் விட்டுவிடுங்கோ. ஒருத்தருமில்லையெண்டால் கொண்டுபோங்கோ. நான் குறுக்கை நிக்கமாட்டன்."

விதானையார் கொப்பியை விரித்துக் காட்டினார். எல்லாம் சிவப்பு மை. "சரி, ஒப்பம் கிடக்கட்டும். வாசிச்ச ஆக்கள் ஆரும் இருந்தால் கையைத் தூக்குங்கோ."

பாபிலோன் அண்ணை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். கை தூக்கினால், 'வாத்தியார் களவாய்த் திறந்து எடுத்தவர்' என்று மறுநாள் சந்தை முழுக்கக் கதைக்கும். என் இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன. படித்த கைகள்!

புத்தகங்களைப் பத்துச் சாக்கில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலையிலிருந்து அவர் கடை வாசலில் நின்றார். "அரைக்கொத்து மல்லி தாரும். உந்தக் கடதாசி வேண்டாம், அந்தா, படம் போட்ட கடதாசியிலை சுத்தித் தாரும்." மிளகு, சீரகம், வெந்தயம் எல்லாம் தனித்தனிக் கடதாசிச் சரையாக வாங்கினார். மனுஷனுக்கு வீட்டில் சமையலே ஒரு நேரந்தான். மற்றவர்கள் வாங்கிப்போன சரைகளுக்காக வீடு வீடாய்ப் படலை தட்டினார். "பிள்ளை, நேற்று வாங்கின சீரகச் சரை கிடக்கோ? அடுப்புக்கை வைச்சுப்போடாதையணை." ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் வரும் ஒழுங்கையைக் கண்டால் நான் மற்ற ஒழுங்கையால் போனேன்.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஏலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். விறாந்தை முழுக்கக் கடதாசி. காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கல். குந்தியிருந்து பக்கம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். எகிப்து முழுவதும் பெருங்காயம் மணத்தது.

"அண்ணை, உங்கடை புத்தகம் நான் வாசிச்சனான்."

நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஓம் ஓம். இப்ப எல்லாரும் வாசிக்கினம். மிளகு வாங்கேக்கை."

"பகிடி இல்லை அண்ணை. மூண்டு புத்தகம். ஒப்பம் வைக்காமல் எடுத்தனான்."

"என்னை ஆத்திறதுக்கெண்டு பொய் சொல்லாதை தம்பி. எனக்கு உது வேண்டாம்."

எப்படியாவது நம்பவைக்கவேண்டும். "சுமேரியாவிலை ஒரு பழைய மதில் கிண்டினவை எல்லே? அதிலை ஒரு செங்கல்லு. ஈரமாய்க் கிடக்கேக்கை நாயொண்டு மிதிச்சுக்கொண்டு போயிருக்குது. அடையாளம் அப்பிடியே கிடக்குது, படம் போட்டிருக்கினம். அந்தச் செங்கல்லு அறுத்தவன் பொல்லெடுத்துக் கலைச்சிருப்பான், தாறுமாறாய் ஏசியிருப்பான் எண்டு நினைச்சு நான் தனிய இருந்து சிரிச்சனான் அண்ணை."

கையிலிருந்த கடதாசியை நிலத்தில் வைத்தார்.

"அந்த நாயை நீயும் கண்டனியோ?"

"ஓம் அண்ணை."

அந்தக் கடதாசிக்கு மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அண்டைக்குக் கூட்டத்திலை எனக்குப் பக்கத்திலைதானே இருந்தனி?"

"ஓம்."

ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கல்லொன்றை எடுத்து எறிந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் முழங்காலில் கையூன்றி எழும்பி உள்ளே போனார். கொஞ்சநேரத்தில் இரண்டு பேணியில் தேத்தண்ணியோடு வந்தார்.

"சீனி இல்லை. பனங்கட்டி கடிச்சுக்கொண்டு குடி," என்றார். பிறகு பக்கத்தில் வந்து இருந்து, "மற்ற ரண்டு புத்தகமும் எது?" என்று கேட்டார்.

அன்று மத்தியானம் திரும்பும்வரை கதைத்தோம். அதன் பிறகு அவர் கண் மூடிய கிழமைவரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போகாமல் விட்டதில்லை. ஊர் அவரை இன்னும் விசரன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது, சொல்லட்டும். எனக்கு அவரைப்போல ஒரு சிநேகிதர் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.