உட்கார்ந்தே ஓடிய ஊர்

கனடாவின் சஸ்காட்செவன் குளிரில் காரை வாசலில் நிறுத்தினால், என்ஜின் உறையாமல் சூடாக இருக்க அதை மின்சார வயரில் மாட்டிவிட்டுத்தான் தூங்கப் போகவேண்டும். இல்லையென்றால் காலையில் என்ஜின் கட்டையாகக் கிடக்கும். இதைக் கவனித்த ஒரு மகான் சும்மா இருப்பாரா? "காரை மாட்டுறீங்களே, உங்களை மாட்டுனீங்களா?" என்று கேட்டார் ராண்டல் தோர்ஸ்பி. அவ்வளவுதான், தேவாலயக் கூடத்தில் நிற்க இடமில்லை!

இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் வயர். அசையாமல் உட்கார்ந்தால் ரத்தமே உடற்பயிற்சி செய்துகொள்ளுமாம். அசைந்தால் சக்தி ஒழுகிவிடுமாம். பள்ளிப் பிள்ளைக்குச் சின்ன பெல்ட், கர்ப்பிணிக்கு அகல பெல்ட், கிழவருக்குக் கெட்டி பெல்ட். தொட்டிலுக்கும் ஒன்று உண்டு. கல்லறைக்குத்தான் இன்னும் வரவில்லை.

லோர்னாவுக்கு இந்த பெல்ட்டைக் கண்டாலே எரிச்சல். அவள் கணவர் வெர்னுக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். சமையல் மேடையைப் பிடித்தாவது வீட்டுக்குள் நடக்காவிட்டால் கால் சூம்பிவிடும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவரோ பெல்ட்டை மாட்டிக்கொண்டு சோபாவிலேயே குடியிருந்தார்.

"எந்திரி வெர்ன்."

"சும்மா இரு லோர்னா, ஓடிக்கிட்டிருக்கேன்."

"எங்கே, ஃபிரிட்ஜுக்கா?"

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஊரே பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தது. காபி ஊற்றப் போன லோர்னா, எல்லா வயரும் போய்ச் சேரும் பிளக்கைச் சுவரிலிருந்து மெல்ல உருவினாள்.

"ஆஹா, தொடையில ஜிவ்வுனு ஏறுது!" என்றார் டிராக்டர் கடை எல்டன்.

"எனக்கு வேர்க்குதே!" என்றாள் அவர் மனைவி. கூடத்துக்குள் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்தால் வேர்க்காமல் என்ன செய்யும்?

"தோர்ஸ்பி சார், எங்க வெர்ன் இப்ப எவ்வளவு தூரம் போயிருக்கார்?" என்று கேட்டாள் லோர்னா.

மகான் கண்ணை மூடி வெர்னின் நெற்றியைத் தொட்டார். "அஞ்சு கிலோமீட்டர். இப்ப மலை ஏறுறார்."

தோசைக்கல் போல் தட்டையான அந்த ஊரில் மலை!

லோர்னா பிளக்கைத் தூக்கிக் காட்டினாள். "மலை ஏறுறவருக்கு இது வேண்டாமா?"

"அது... மிச்ச சக்தி."

"இல்லாத மலைக்கு இல்லாத கரண்ட்டு. சரியாத்தானே இருக்கு!" என்றார் எல்டன். கூடம் வெடித்துச் சிரித்தது. மகான் வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

வெர்ன் மட்டும் சிரிக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி எழப் பார்த்தார். முடியவில்லை, நாற்காலியிலேயே தொப்பென்று விழுந்தார்.

"கால் வரலையே லோர்னா..."

"வரும். நாற்காலியைப் பிடி. எந்திரி, உட்காரு. மறுபடியும் எந்திரி."

திட்டிக்கொண்டே எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்தபடி காபி இருந்த இடம்வரை தானே நடந்து போனார்.

காலைச் சும்மா வைத்திருந்தால் சூம்பும் என்பது ஊருக்கு அன்று புரிந்தது. மூளையும் அப்படித்தான் ஐயா. அதை மாட்டிவைக்க எந்தச் சுவரிலும் ஓட்டை கிடையாது. நாமேதான் எழுப்பி நடத்த வேண்டும்.