ஓவர்சைஸ் பிஸ்டனும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

ஸ்ரீனிவாசராகவன் சபதம் செய்தார். அது அவருக்குப் புதிதில்லை. தெற்கு மாட வீதியை ஒட்டிய அந்தச் சந்தில் அவருடைய சபதங்கள் காற்றில் பறந்ததைப் பார்க்காதவர் கிடையாது. இந்தத் தடவை மனைவியையே சாட்சியாகக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஸ்ரீலக்ஷ்மி, நன்னா கேட்டுக்கோ. ஸ்கூட்டர் இன்ஜினை நானே சேர்க்கப்போறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வண்டி ஓடும். ஓடித்துன்னா, வண்டி கத்துக்குடுங்கோன்னு இனிமே நீ வாயைத் திறக்கப்படாது."

"ஓடலைன்னா?"

"நானே பீச்சுக்கு அழைச்சுண்டு போய்க் கத்துக்குடுக்கறேன்."

"சரி."

ஒரே வார்த்தை. இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அவள் ஒரே வார்த்தையில் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். அதற்கெல்லாம் மூளை வேண்டாமா?

ஸ்ரீலக்ஷ்மி வாரத்தில் மூன்று நாள் அடையாறில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். கொண்டுபோய் விட்டு, காத்திருந்து, கூட்டி வருவது ஸ்ரீனிவாசராகவன். "நானே ஓட்டிண்டு போறேனே" என்று அவள் இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். "லாரி வரும், மண்லாரி!" என்பது அவர் பதில். லாரியாவது மண்ணாவது. வீட்டில் அவள் குக்கரோடும் டெலிபோனோடும்தான் பேசுவாள். அவரோடு மட்டும் பேசுவது அந்த அரைமணி நேரம்தான். அடையாறு பாலத்தில் காற்று அடிக்க, காதுக்குப் பின்னால் அவள் ஊர்வம்பு பேசிக்கொண்டு வருவது அவருக்கு அவ்வளவு பிடிக்கும். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். ஆகவே லாரி.

இந்த அழகில்தான் ஸ்கூட்டர் புகைய ஆரம்பித்தது. மெக்கானிக் அப்துல் வஹீத் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், இது வண்டியா, கொசு மருந்து அடிக்கிற மிஷினா? பிஸ்டன் ரிங்கு தேஞ்சி பூட்ச்சி."

இன்ஜினைக் கழற்றி, பிளாக்கை லேத்தில் கொடுத்து, பிஸ்டன் ஓடும் துளையைச் சற்றுப் பெரிதாக்கி 'போர்' போட்டு வாங்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் இரண்டு புது ரிங்கும் வஹீதே வாங்கி வைத்தார். அங்கேதான் நம்மவர் குறுக்கே விழுந்து, எல்லாவற்றையும் நானே கோர்த்துக்கொள்கிறேன் என்றார்.

"வாணாம் சார். ரிங்கை போர்ல வெச்சி, ரெண்டு முனைக்கும் நடுவுல கேப் பாக்கணும். கம்மியா இருந்தா அரத்தால ராவணும். இல்லாங்காட்டி சூடாவசொல்லோ ரிங்கு விரிஞ்சி முட்டிக்கும். நடு ரோட்ல வண்டி ஜாம் ஆய்டும்."

"வஹீத், நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ்."

வஹீத் எல்லாவற்றையும் பழைய பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை பால்கனி ரணகளமாகிவிட்டது. ஸ்ரீனிவாசராகவன் நடுவில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் வண்டியோடு வந்த புத்தகத்தைப் படிக்கும் பொறுப்பு ஸ்ரீலக்ஷ்மிக்கு.

"ரிங்கை விரலால தள்ளப்படாதாம்னா. பிஸ்டனைக் கவிழ்த்து அதால தள்ளணுமாம். அப்பதான் கோணாம நேரா உக்காருமாம்."

"எனக்கு விரலே போறும். பத்து விரல் வெச்சிண்டு பிஸ்டனைத் தேடுவானா ஒருத்தன்?"

"கேப்பை ஃபீலர் கேஜ் வெச்சுப் பாக்கணுமாம். மெல்லிசு மெல்லிசா தகடு இருக்குமாமே."

"தகடுதானே? நம்மாத்துல இல்லாத தகடா?"

அலமாரியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை உருவிக்கொண்டு வந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தடித்த அட்டை. அதில் ஒரு மூலையை ரிங்கின் இடைவெளியில் செருகினார். சர்ரென்று நுழைந்தது.

"பாத்தியா! கனகச்சிதம். அரமே வேண்டாம்!"

"ரிங்கு சாஞ்சிருக்காப்பல இருக்கே. சாஞ்சா சந்து பெரிசாத்தானே தெரியும்?"

"நீ ஸ்ருதியைப் பாரு. ரிங்கை நான் பாத்துக்கறேன்."

அவள் புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலுக்குப் போனாள். அன்று சமையலா அது! பருப்புசிலி, மோர்க்குழம்பு, உருளைக்கிழங்கு ரோஸ்ட், போதாததற்குப் பால் பாயசம். நாலாவது டம்ளர் பாயசத்தை அவளே வற்புறுத்தி ஊற்றினாள். ஸ்ரீனிவாசராகவன் பாயில் சாய்ந்தவர் இரண்டு மணி நேரம் பிரக்ஞையற்றுக் கிடந்தார்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேலையை முடித்தார். சந்தில் நின்ற வண்டியில் எல்லாவற்றையும் பொருத்தி, நாலு மணிக்குக் கிக்கரை உதைத்தார். முதல் உதை, கனைப்பு. இரண்டாவது உதை, தும்மல். மூன்றாவது உதையில் ஸ்கூட்டர் உயிர்பெற்றுப் பாடியது. மாடி ஜன்னல்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டு நேராக வஹீத் கடைக்கு விட்டார்.

"எப்படி! சூடாகி ஓடிண்டிருக்கு. ஜாம் ஆச்சா? ராவவே இல்லை, தெரியுமோ!"

வஹீத் தலையைச் சொறிந்தார்.

"ராவலைன்றியே, இன்னா சார்? நீ தூங்கசொல்லோ அம்மா வந்து கேஜ் வாங்கினு போனாங்க. திரும்பி வந்து, இருக்கவேண்டிய கேப்ல பாதிகூட இல்லன்னாங்க. எப்டி ராவணும்னு காட்டினேன். இப்பதான் கேஜைத் திருப்பிக் குட்த்துட்டுப் போறாங்க. உனக்குத் தெரியாதா?"

ஸ்ரீனிவாசராகவனுக்கு மானம் போனது. கச்சேரி ரோடு வரை போனதும் அதே மானம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. ஏன் ராவினாள்? விட்டிருந்தால் வண்டி நின்றிருக்கும், பந்தயத்தில் அவள் ஜெயித்திருப்பாள். வேண்டுமென்றே தோற்றிருக்கிறாள்! அவளுக்கும் அந்த அரைமணி நேரம் வேண்டியிருக்கிறது! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மல்லிகைப்பூ இரண்டு முழம் வாங்கிக்கொண்டார்.

ஸ்ரீலக்ஷ்மி பாட்டு நோட்டோடு வாசலிலேயே நின்றாள். பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"சாவி."

"எதுக்கு?"

"கிளாசுக்கு நேரமாயிடுத்தே."

"ஏய், பந்தயத்துல நான் ஜெயிச்சாச்சு! கத்துக்குடுன்னு நீ கேக்கப்படாது!"

"கேக்கவே மாட்டேன். வஹீத் பாய் ஆத்து ஹாஜிரா பீ ரிப்பேர் வண்டியெல்லாம் ட்ரையல் ஓட்டுவாளே, அவ மூணு மாசத்துக்கு முன்னாடியே கத்துக்குடுத்துட்டா. லைசென்ஸும் வந்துடுத்து. ஓடற வண்டி ஒண்ணுதான் பாக்கி இருந்தது."

சாவி எப்படிக் கைமாறியது என்று அவருக்கே தெரியாது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. தலையெழுத்தே என்று ஸ்ரீனிவாசராகவன் பின் சீட்டில் ஏறக் காலைத் தூக்கினார். போனால் போகிறது, முன்னாலோ பின்னாலோ, அரைமணி நேரம் அரைமணி நேரம்தானே?

"இறங்குங்கோன்னா," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "புது ரிங்கு போட்டா ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் பின்னாடி கனம் ஏத்தப்படாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. நீங்க பஸ்ல வந்துடுங்கோ."