கெடுக்க அனுமதி கோரி

எங்கள் ஆவணக் காப்பகத்தில் இன்றுவரை ஒரு காகிதம்கூடக் கெட்டுப்போனதில்லை. ஆண்டறிக்கையில் 'அனைத்தும் நன்னிலையில் உள்ளன' என்ற வரியைத் தட்டச்சு செய்பவனே நான்தான். எனக்குத் தெரியாமல் எதுவும் கெட்டிருக்க வழியில்லை. மழை பெய்தால் மூன்றாம் அறையில் கூரை ஒழுகும். அலமாரியைத் திறந்தால் வெள்ளிப்பூச்சிகள் நாலா பக்கமும் சிதறி ஓடும். ஆனால் ஒழுகலும் பூச்சியும் அறிக்கையில் இல்லை. அறிக்கையில் இல்லாத பூச்சி எதைத் தின்றால் நமக்கென்ன?

இப்படி நிம்மதியாக இருந்த இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழங்காலக் காகிதங்களைச் செப்பனிடக் கற்றுத்தரும் பயிற்சிக்கூடம் ஒன்று, ஆறு மாதப் பயிற்சிக்கு ஒரு மாணவரை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தது. ஒரே நிபந்தனை: வருபவர் தன் ஊரிலிருந்து சேதமடைந்த பழைய காகிதம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும், தன் கையாலேயே அதைச் சரிசெய்து திரும்ப எடுத்துப்போக வேண்டும்.

தேர்வானவள் என் அக்கா மகள். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதைத் தவிர இதில் சிபாரிசு ஏதும் கிடையாது. கல்லூரியில் அவள் படித்ததே இந்தப் படிப்புதான். தூரிகை என்றால் கரும்பலகையில் வரைந்து காட்டுவார்கள். பசை என்றால் அதன் வகைகளை ஒப்பிக்கச் சொல்வார்கள். ஒரு பழங்காகிதத்தையும் அவள் தொட்டதில்லை. தொட்டால் கெட்டுவிடும் என்று முதல் பாடத்திலேயே போட்டிருந்ததாம்.

எதைக் கொண்டுபோவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாம் அறையில் நகரத்தின் பழைய வரைபடம் ஒன்று உண்டு. முழுக்கக் கையால் வரைந்தது. வீடு, மரம், தெருவில் போகிற ஆள் என்று எல்லாம் எறும்பளவில் இருக்கும். ஒரு மொட்டைமாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். கிழக்கு மூலையில் விழுந்த ஈரக்கறை மழைக்கு மழை நகர்ந்து, அந்த வீட்டு வாசல்வரை வந்துவிட்டது.

"இன்னொரு மழை தாங்காது மாமா. அந்தப் பொண்ணு போயிடுவா" என்றாள், ஏதோ சொந்தக்காரியைப் பற்றிச் சொல்வது போல.

அவளை இயக்குநரிடம் அழைத்துப் போனேன். நல்ல மனிதர். பயிற்சிக்கூடம் அனுப்பியிருந்த படத்தில் ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டிருந்ததைப் பார்த்து, காப்பகம் முழுவதற்கும் கையுறை வாங்கிவிட்டவர். பியூன் கையுறையோடுதான் டீ கொண்டுவந்தார். நான் கையுறையோடு தட்டச்சு செய்ததில் ஓர் எழுத்துக்கு மூன்று எழுத்து விழுந்துகொண்டிருந்தது.

"சேதமான காகிதமா? நம்மகிட்ட அப்படி எதுவும் கிடையாதேம்மா" என்றார்.

"மூணாம் ரூம் மேப் இருக்கே சார்."

"அது நல்லா இருக்கு."

"ஒரு மூலை முழுக்கக் கறை சார். நீங்களே வந்து பாருங்க."

"நான் எதுக்கு வந்து பாக்கணும்? நல்லா இருக்குன்னு போன வருஷம் கையெழுத்தே போட்டிருக்கேன்."

"இப்ப கெட்டுப்போச்சுன்னு எழுதிடலாமே சார்?"

"எழுதினா யார் கெடுத்தாங்கன்னு விசாரணை வரும். எனக்கு முன்னால இருந்தவரும் நல்லா இருக்குன்னுதான் எழுதினார். அவர் இப்ப மேலிடத்துல இருக்கார். விசாரணையே அவர்கிட்டதான் போகும். அவர் என்னைப் பத்தி என்ன நினைப்பார்?"

"அப்ப நான் போக முடியாதா சார்?" என்று கேட்கும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

இயக்குநரின் மனம் இளகியது. "அழாதேம்மா. சேதம் இல்லேன்னா என்ன? முறைப்படி உண்டாக்கிடலாம்."

அன்று மாலையே சேத உருவாக்கக் குழு அமைக்கப்பட்டது. காப்பகத்தில் நிஜமாகவே நன்றாக இருந்த ஒரே காகிதம், இயக்குநரின் ஏசி அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய வாழ்த்து மடல். முதல் இயக்குநர் ஓய்வுபெற்ற அன்று ஊழியர்கள் வாசித்து அளித்தது. கெடுக்கத் தகுதியுள்ளது அதுவே என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

பூச்சியை விட்டு அரிக்க வைப்பது என்று தீர்மானம். எங்கள் காப்பகத்தில்தான் பூச்சி கிடையாதே, ஆகவே வெளியிலிருந்து வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள்: 'வெள்ளிப்பூச்சி, உயிருள்ளது, நல்ல பசியுடன்.' ஒப்பந்தக்காரர் காலி டப்பாவோடு மூன்றாம் அறைக்குள் போனார். நிறைந்த டப்பாவோடு வெளியே வந்தார்.

"வெளியூர் சரக்கு சார். இந்த ரகம் இங்கெல்லாம் கிடைக்காது" என்று நீட்டினார்.

குழு எண்ணிப் பார்த்துப் பெற்றுக்கொண்டது. சட்டத்தைக் கழற்றி, மடலின் மேல் பூச்சிகளை விட்டார்கள். ஏசி ஒத்துக்கொள்ளவில்லையோ, வாழ்த்தின் நடை பிடிக்கவில்லையோ, அவை ஓர் ஓரத்தைக்கூடக் கடிக்காமல் கதவிடுக்கு வழியாக இறங்கி மூன்றாம் அறைக்கே போய்ச் சேர்ந்தன.

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா மகள் மெல்ல ஆரம்பித்தாள். "சார், எழுத்துல வாழ்த்து மடல் போறதாவே இருக்கட்டும். பெட்டிக்குள்ள மட்டும் மேப்பை வெச்சு எடுத்துட்டுப் போறேன்."

"எழுத்துல எல்லாம் சரியா இருக்குமா?"

"நம்ம எழுத்துல எப்ப சார் சரியா இல்லாம இருந்திருக்கு?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இப்படியாக வாழ்த்து மடல் என்ற பெயரில் வரைபடம் விமானம் ஏறியது.

அங்கிருந்து போன் செய்வாள். "இங்க யாரும் கையுறை போடறதில்லை மாமா. கையை நல்லா கழுவிட்டு வெறுங்கையாலதான் தொடணுமாம். கையுறை போட்டா காகிதம் கிழியறதே விரலுக்குத் தெரியாதாம்." இதை இயக்குநரிடம் சொன்னேன். "சாதாரணக் கூடம்போல இருக்கே, விசாரிக்காம அனுப்பிட்டோம்" என்று வருத்தப்பட்டார்.

இன்னொரு நாள் போனில் ஏறக்குறைய அலறினாள். "மேப்பைத் தண்ணில போட்டுட்டோம் மாமா! மை கரையாதான்னு ஓரத்துல தொட்டுப் பாத்துட்டு அப்படியே தட்டுல மிதக்க விட்டோம். கறை மஞ்சள் மஞ்சளா இறங்குது." பூச்சி அரித்த ஓட்டைகளை மெல்லிய தாளால், மாவுப் பசை தடவி, ஒவ்வொன்றாக அடைத்தாளாம். பள்ளிக்கூடத்தில் சட்டைப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாமல் நின்ற பெண். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தாள். வரைபடம் அப்போதுதான் குளித்து வந்தது போல இருந்தது. மாடியில் அந்தப் பெண் பத்திரமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அலுவலகமே கூடி நின்று பார்த்தது. இயக்குநர்கூடக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப அழகு. சரி, மூணாம் ரூம்ல கொண்டுபோய் வெச்சிடு" என்றார்.

"சார், அங்க ஒழுகுமே!"

"எழுத்துப்படி மேப் அந்த ரூமை விட்டு நகரவே இல்லம்மா. நன்னிலையில இருக்கிற ஒண்ணை எதுக்கு இடம் மாத்தணும்?"

வைத்தார்கள். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

இதற்கிடையே பயிற்சியின் வெற்றியை மேலிடம் பாராட்டி, இனி ஆண்டுதோறும் பல மாணவர்களை அனுப்ப உத்தரவிட்டது. பல மாணவர் என்றால் பல சேதம் வேண்டும். குழு நிரந்தரப் பிரிவானது. காகிதம் எப்படியெல்லாம் கெடும் என்று முறைப்படி கற்றவள் ஒருத்திதானே, அவளையே அதற்கு அதிகாரியாகப் போட்டார்கள். ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ பிரிவின் விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இதைப் பாருங்க மாமா. 'கெடுப்பதற்குப் பரிந்துரைக்கப்பட்ட காகிதம், அனுமதி வரும்வரை, முன்கூட்டியே எந்தச் சேதமும் அடையாதபடி ஏசி அறையில் பாதுகாக்கப்பட வேண்டும்.' நான் மேப்பைக் கெடுக்க அனுமதி கேட்கப்போறேன்."

"அனுமதி வந்துட்டா?"

"உங்க வீட்டுத் தண்ணி இணைப்பு மனு எந்த மேலிடத்துல இருக்கு?"

"அதே மேலிடம்தான்."

"எத்தனை வருஷமா?"

அந்த மனு போட்டபோது எனக்குத் தலைமுடி இருந்தது.

'நீர்க்கறை உண்டாக்க அனுமதி கோருதல்' என்று விண்ணப்பம் போனது. வரைபடம் இயக்குநரின் அறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து மூன்றாம் அறையிலிருந்து ஒவ்வொன்றாகக் கெடுக்கப் பரிந்துரைத்தாள். மழைக்காலம் முழுவதும் ஒழுகியது, வெறும் தரையில். எங்கள் காப்பகத்தில் ஒரு காகிதம் பிழைக்க ஒரே வழி, அதை ஒழித்துக்கட்ட விண்ணப்பிப்பது என்று ஆயிற்று. அரசாங்கத்தின் தாமதத்தை நம்பி அவள் கண்ட பாதுகாப்பை எந்த வெளிநாட்டுக் கூடத்திலும் கற்றுத்தர மாட்டார்கள்.

பிறகு ஒரு நாள் ஓர் ஆணை வந்தது. 'பொதுமக்களின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று, தேங்கிக் கிடக்கும் அனைத்து விண்ணப்பங்களுக்கும் உடனடியாக அனுமதி வழங்கப்படுகிறது.' ஊரே கொண்டாடியது. என் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டியது. என் மனைவி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். மறுநாள் காலை காப்பகத்துக்கு வந்த முதல் உறை வரைபடத்தைப் பற்றியது. நீர்க்கறை உண்டாக்கலாம், பயிற்சி பெற்ற அதிகாரியே கைப்படச் செய்ய வேண்டும், வார இறுதிக்குள் முடித்து அறிக்கை அனுப்ப வேண்டும்.

அக்கா மகள் அதை இரண்டு முறை படித்தாள். "யாரு மாமா இப்படித் திடீர்னு எல்லாத்தையும் அவசரப்படுத்தினது?"

"தேங்கிக் கிடக்கிறதையெல்லாம் உடனே முடிக்கச் சொல்லி எங்க தெருவுல ஒரு மனு எழுதினோம்மா. மத்த தெருக்காரங்களும் சேர்ந்தாங்க. முதல் கையெழுத்து என்னோடது."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் வரைபடத்தின் முன்னால் போய் நின்று, மாடியில் இருந்த பெண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல தண்ணி நல்லா வருதா மாமா?"

"வருது."

"நாளைக்கு வரும்போது ஒரு சொம்பு கொண்டுவாங்க. வெளியிலிருந்துதானே வாங்கணும்? நம்ம கூரைதான் ஒழுகாதே."