பாரமான பாக்கெட்

லெட்சுமணன் கடை மேசையில் சூசைரட்ணம் பதினேழாவது பாக்கெட்டை நிறுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பருப்புக்கும் சீனிக்கும் நின்ற வரிசை கதவைத் தாண்டிக் கந்தப்பளை மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டது.

"ஐயா, தங்கமா நிறுக்கிறீங்க?" என்றார் லெட்சுமணன். "நூத்தம்பது ரூபா சீட்டுப் பாக்கெட்டு. எதை எடுத்தாலும் ஒண்ணுதான்."

"எல்லாம் ஒண்ணில்ல முதலாளி. அதான் விசயமே."

மேசையில் இருந்தது தோட்டத்து ஃபெக்டரியில் சாம்பிள் தூள் நிறுக்கும் சின்ன மின்தராசு. டீமேக்கரிடம் அரை மணி நேரத்துக்கு என்று கேட்டு வாங்கி வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பாக்கெட்டில் இருந்தவை பஞ்சபூதம் என்ற விளையாட்டின் சீட்டுகள். ஒரு காகித உறைக்குள் ஐந்து சீட்டு. நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்று எது வேண்டுமானாலும் வரும். எப்போதாவது ஓர் உறைக்குள் தகடு ஒட்டிய மினுக்குச் சீட்டு ஒன்று அகப்படும். அது ஒன்று சாதாரணச் சீட்டு பத்துக்குச் சமம்.

தகடு என்றால் பாரம். பாரம் என்றால் தராசு. தராசு என்றால் சூசைரட்ணம். தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் இருபத்திரண்டு வருடமாக நிறுவைக்கு நிற்கும் கணக்கப்பிள்ளை அவர்.

"கணக்கப்புள்ள ஐயாவுக்கு இங்கயும் நிறுவையா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் அம்மாக்கண்ணு. "காலைல எனக்கு ரெண்டு கிலோ வெட்டுனது பத்தலையா?"

"அது கொழுந்துல இருக்கிற ஈரத்துக்கு வெட்டுறது."

"இன்னிக்கு வெயிலுல்ல அடிச்சிச்சு."

"வெயிலோ மழையோ, ரெண்டு கிலோ. அது சட்டம்."

"இருவது கிலோ எடுத்தேன். பதினெட்டுன்னு எழுதி அரைநாள் பேரு போட்டுட்டீங்க. இனி பாதிச் சம்பளந்தான்."

சூசைரட்ணம் காது கேளாதவர் போலப் பதினெட்டாவதைத் தராசில் வைத்தார். கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. உள் றாக்கைத் தட்டில், தேத்தண்ணி அடுப்பின் சூடு படும் இடத்தில் இருந்த பெட்டியில் எல்லாமே லேசு. கதவோரத்துப் பெட்டியில்தான் பாரம். அதிலிருந்து ஆறு பாக்கெட்டைப் பொறுக்கி எடுத்து, தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்து, பில்லும் கேட்டு வாங்கினார்.

பில் முக்கியம். கோயில் பங்கு மன்றம் நடத்தும் பஞ்சபூதப் போட்டியின் விதி அப்படி. கட்டுக்கு இருபது சீட்டு. இருபதும் ஒரே பூதமாக இருக்க வேண்டும். கடையில் கொடுக்கும் காசு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது. இல்லாதவனும் விளையாட வேண்டும் என்று ஃபாதர் வைத்த விதி. சூசைரட்ணம் நெருப்புக் கட்டு என்று விண்ணப்பம் எழுதி, கையொப்பமும் திகதியும் இட்டு, போன வாரமே கொடுத்துவிட்டார்.

கோப்பை அவருக்குப் பெரிதில்லை. அவருக்கு வேண்டியது மாட்டின் தலை.

பங்கின் கிறிஸ்மஸ் நாடகத்தில் தொழுவத்து மாடு ஒரே துணி; உள்ளே இரண்டு ஆள். உயரம் ஒத்துப்போவதால் வருடா வருடம் சூசைரட்ணமும் அவர் மனைவியின் தம்பி அன்டனும்தான் மாடு. சீட்டுப் போட்டியில் முன்னுக்கு வருகிறவர் தலை, மற்றவர் பின்பாதி. தலைக்குக் கண் உண்டு, கொம்பு உண்டு, "ம்மா" என்ற வசனம் உண்டு. பின்பாதிக்கு வாலும், அன்டனின் காற்சட்டையைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் குனிந்து நிற்கும் பாக்கியமும் உண்டு. மூன்று வருடமாகச் சூசைரட்ணம் பின்பாதி. போன வருடம் மேடையில் வால் கழன்று விழுந்ததைத் தோட்டமே பார்த்தது. மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவர் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் யாரோ "ம்மா" என்றார்கள். யாரென்று இன்றுவரை பிடிபடவில்லை. பெரட்டில் நின்ற எண்பது பேர் மீதும் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

வீட்டில் மனைவி தெரேசா ஆறு பாக்கெட்டையும் பார்த்தாள்.

"என்னங்க, லெட்சுமணன் கடையில பிஸ்கட் டின்னுல உதிரிச் சீட்டு இருக்கே. ஒண்ணு இருவது ரூபா. நெருப்பா பாத்து இருவது பொறுக்குனா நானூறுதான். மிச்சத்துக்குக் கோழி வாங்கலாம்."

"அது ஊரு கழிச்சுப் போட்டது. நான் முறையா போறேன்."

முறையாகவே பிரித்தார். கத்தரிக்கோலால், ஓரத்தில், நேர்கோட்டில். முப்பது சீட்டில் மினுக்கு ஒன்றுகூட இல்லை. நெருப்பு ஐந்து. நீர் பதினொன்று.

கொப்பியை எடுத்து எழுதினார்: 'மினுக்கு: இல்லை. காரணம்: நிறுவையில் தாராளம் காட்டியமை. திருத்தம்: இதனிலும் பாரமானவற்றைத் தெரிவு செய்தல்.'

"தாராளமா?" என்றாள் தெரேசா, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து. "நீங்களா?"

மறுநாள் ஞாயிறு. முதல் பூசை முடிந்த கையோடு, எதிரில் வரும் ஆள் தெரியாத பனிமூட்டத்துக்குள் தராசைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். லெட்சுமணன் பலகைக் கதவை அப்போதுதான் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சூசைரட்ணம் கதவோரத்துப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்தார். ஒவ்வொன்றும் நேற்றையதைவிடப் பாரம்.

"புதுச் சரக்கு வந்திருக்கு போல."

"அதே பெட்டிதான் ஐயா."

"சொல்ல மாட்டீங்க. வியாபாரம்." கண்ணைச் சிமிட்டிவிட்டு, இருந்ததிலேயே பாரமான நாலைத் தூக்கினார். அறுநூறு ரூபாய். அத்தோடு ஆயிரத்து ஐந்நூறும் முடிந்தது.

கடைப் படியிலேயே உட்கார்ந்து பிரித்தார். மினுக்கு இல்லை. நெருப்பு மூன்று. நீர் ஒன்பது.

தெரேசா சீட்டுகளைக் கட்டிலில் பரப்பி எண்ணினாள். "நெருப்பு எட்டுதாங்க இருக்கு. இனி உதிரிச் சீட்டு ஒண்ணுகூட வாங்க ஏலாது. ஆனா பாருங்க, நீர் சரியா இருவது இருக்கு. ஒரு முழுக் கட்டு. அதையே விளையாடுங்களேன்."

"நெருப்புன்னு எழுத்துல கொடுத்தாச்சு."

"போய் மாத்தி எழுதுங்க."

"எழுதினத மாத்துனா எனக்கு என்ன மரியாதை இருக்கு?"

தெரேசா சீட்டுகளை அவர் மடியில் போட்டுவிட்டுக் குசினிக்குப் போனாள்.

மிச்ச வழி பண்டமாற்று ஒன்றுதான். மாற்றுக்குக் காசுக் கணக்கு இல்லை என்று விதியில் இருந்தது. அன்டன் நானுஓயா ஸ்டேஷனுக்கு வேன் ஓட்டுபவன். சாயங்காலம் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் எடுத்திருந்தது நீர்க் கட்டு.

"அத்தான், நீர் இருவதையும் தாங்க. பன்னெண்டு நெருப்பு தாறேன்."

"இருவதுக்குப் பன்னெண்டா?"

"வேணாம்னா விடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சூசைரட்ணத்துக்கு அவசரம் இருந்தது. கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில்தான் நெருப்பு நீருக்கு முன்னால் வந்தால் என்ன ஆகும் என்று விதிப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. கொப்பியில் எழுதினார்: 'பதினாறு பேர் விளையாடுவர். முதல் சுற்றில் அன்டன் வர வாய்ப்பு மிகக் குறைவு.'

அடுத்த ஞாயிறு, முதல் சுற்றில் அன்டன் வந்தான்.

ஆறு நிமிடம் போனது. சூசைரட்ணம் நெருப்பு வைத்தார். அன்டன் சூசைரட்ணத்தின் பழைய நீரை எடுத்து அதன் மேல் வைத்தான். இன்னொரு நெருப்பு, இன்னொரு பழைய நீர். பிறகு அன்டன் மினுக்கு ஒன்றை வைத்தான். அதற்குப் பிறகு இன்னொன்று. மூன்றாவது மினுக்கு விழுந்தபோது சூசைரட்ணம் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க எடுத்தே?"

"லெட்சுமணன் கடையிலதான் அத்தான். நீங்க நிறுத்துப் பாத்து வேணாம்னு வச்சீங்களாமே, உள் றாக்கைப் பெட்டி. அந்த லேசுலயே நாலு எடுத்தேன். சும்மா, உங்க விஞ்ஞானத்த சோதிச்சுப் பாப்போம்னு."

மன்றச் செயலாளர் வந்து இருவரின் பில்லையும் பார்த்தார். அன்டன் கடையில் கொடுத்தது ஆயிரத்து நூறு. செயலாளர் சூசைரட்ணத்தின் தோளைத் தட்டி, "வால இந்தத் தடவ நல்லா தைச்சு வைக்கச் சொல்லியிருக்கேன் சேர்," என்றார்.

திங்கட்கிழமை கொழுந்து மடுவத்தில் வழக்கத்துக்கு மாறான அமைதி. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கூடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. அம்மாக்கண்ணுவின் முறை வந்தது.

"இந்த வருசமும் பின்பாதிதானாமே ஐயா?"

சூசைரட்ணம் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எண்பது பேருக்கு முன்னால் அவருடைய நிறுவை கேள்விக்குள்ளாகியிருந்தது.

"என் தராசுல பிழையில்ல," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "பாரமானதுக்குள்ளதான் தகடு இருக்கணும். பாரமானதத்தான் எடுத்தேன். அதுல ஒண்ணுமில்ல. லேசானதுலதான் எல்லாம் இருந்திச்சு. இருவத்திரண்டு வருசத்துல இப்பிடி ஒரு நிறுவைய நான் பாத்ததில்ல."

அம்மாக்கண்ணு கூடையைத் தராசில் வைத்தாள். இருபது காட்டியது. சூசைரட்ணம் வழக்கம்போலப் பேனாவை எடுத்தார்.

"பாரமானதெல்லாம் அந்தக் கதவோரத்துப் பெட்டியா ஐயா?"

"ஆமா."

"சாரல் அடிக்கிற பக்கமா?"

"ஆமா," என்றார். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.

பேனா பதினெட்டு எழுதப் போய், ஒன்றோடு நின்றது. அம்மாக்கண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பணிவாகக் கேட்டாள்:

"அப்ப அதுல ஈரத்துக்கு எவ்வளவு வெட்டுனீங்க ஐயா?"