உமாபதி சுட்ட மஃபின்

பஹ்ரைனின் ஈசா டவுனில் ஏர்கண்டிஷனரை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்ற அளவுக்கு வெயில் இறங்கிய முதல் வெள்ளிக்கிழமை, உமாபதி தன் வீட்டுக்குள் புரட்சி செய்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, சமையல் என்பது ஒரு வேலையே அல்ல என்று பிரகடனம் செய்தார்.

உள்ளே அவர் மனைவி பிரபாவதி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிரகடனத்துக்காக அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

புரட்சிக்குக் காரணம் இருந்தது. இந்தியப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் பாதி வருஷத்தில் வேலையை விட்டுக் கனடா போய்விட்டாள். தலைமையாசிரியை ஜெயலட்சுமி அம்மாள் ஆள் தேடிக்கொண்டிருந்தார். பிரபாவதி பி.எஸ்ஸி. கணிதம். கல்யாணத்துக்கு முன்பு திருச்சியில் வாத்தியார் வேலை பார்த்தவள். எட்டாம் வகுப்புப் பையன்கள் இவள் தலையைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டு போவார்களாம். "வருகிறாயா?" என்று அம்மாள் கேட்டார். பிரபாவதி கணவரைக் கேட்டாள். கணவர் முடியாது என்றார்.

உமாபதிக்கு பவர் ஹவுஸில் இஞ்சினீயர் வேலை. ஒரு வாரம் காலை டூட்டி, ஒரு வாரம் மத்தியான டூட்டி. எந்த டூட்டியானாலும் சாதம் ஆவி பறக்க வேண்டும், ரசம் கொதித்து இறங்கியிருக்க வேண்டும், அப்பளம் அப்போதுதான் பொரிந்திருக்க வேண்டும். இவள் பள்ளிக்கூடம் போய்விட்டால் அப்பளத்தை யார் பொரிப்பது என்று கேட்டார். ஆளுக்குப் பாதி வேலை பார்க்கலாமே என்றாள் பிரபாவதி. ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதாவது என்றார் உமாபதி. கஷ்டமான வேலை, அதனால்தான் பயப்படுகிறீர்கள் என்றாள் அவள்.

பயம் என்ற வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது.

"பவர் ஹவுஸ்ல ரெண்டு டர்பைனை ஒத்தை ஆளாப் பாத்துக்கறேன். இந்தக் கேஸ் அடுப்பைப் பாத்துக்க எனக்குத் தெரியாதா?"

"தெரியும்னா செஞ்சு காட்டுங்க."

"காட்டறேன். சாதாரண சாம்பார் ரசம் இல்லை. மஃபின்."

மஃபின் அவர் வாயில் எப்படி வந்தது என்றால், அந்த வாரம் அவருடைய அமெரிக்க மானேஜர் வீட்டில் தேநீர் விருந்து. மானேஜரின் மனைவி பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டியாகக் கேக் மாதிரி ஏதோ கொண்டுவந்து வைத்தாள். பிட்டால் உள்ளே ஈரமாக, மெத்தென்று இருந்தது. பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய் எல்லாம் வாசனையில் வரிசையாக வந்து போயின. நாலாவது மஃபினின்போது, இது என்ன என்று உமாபதி விசாரித்தார். பரங்கிக்காய் என்றாள் அந்த அம்மாள். தங்கள் ஊரில் மரங்கள் இலை உதிர்க்கிற காலத்தில் இதைச் செய்வது வழக்கம் என்றும், செய்முறை சுலபம் என்றும் சொல்லித் தந்தாள்.

வீட்டில் பரங்கிக்காய்க் கூட்டு வைத்தால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குகிற மனிதர் உமாபதி. திரும்பி வந்ததும், பரங்கிக்காயை எப்படிச் சமைக்க வேண்டும் என்று பரங்கியருக்குத்தான் தெரிந்திருக்கிறது என்று பிரபாவதியிடம் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரத்தின் மாடியில் தமிழ்க் குடும்பங்கள் கூடுவதாக ஏற்பாடு. வீட்டுக்கு ஒரு பலகாரம். உமாபதி வீட்டுப் பலகாரம் உமாபதியே சுட்ட மஃபின் என்று அன்றே கல்யாணசுந்தரத்திடம் பெயர் கொடுத்துவிட்டார். பின்வாங்க வழியில்லாமல் பாலத்தை எரித்துவிட்டதில் அவருக்குப் பெருமை.

முதலில் சாமான் வாங்கப் போனார். மஃபின் சுடுவதற்கான காகிதக் கிண்ணம் வேண்டும் என்று, கோல்டு ஸ்டோர் என்று அங்கே சொல்கிற தெருமுனை மளிகைக் கடையில் கேட்டார். கடைக்காரர் பஹ்ரைன்காரர். அரபியில் இல்லை என்பதற்கு மாஃபி என்பார்கள்.

"மஃபின் கப்," என்றார் உமாபதி.

"மாஃபி," என்றார் கடைக்காரர்.

"மாஃபி இல்லை. மஃபின்."

கடைக்காரர் அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, "மஃபின் மாஃபி. கலாஸ்," என்று பேச்சை முடித்தார்.

கப் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறதே என்று உமாபதி நிமிர்ந்து திரும்பினார்.

அடுத்தது அவன். கேஸ் அடுப்புக்குக் கீழே அவன் என்று ஒன்று இருப்பதும், அதில் பிரபாவதி வாணலியும் தோசைக்கல்லும் அடுக்கி வைத்திருப்பதும் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டார்.

"அவனை நம்பாதீங்க," என்றாள் பிரபாவதி. "அவனுக்கு ஒரு பக்கம்தான் சூடு ஏறும். பாதியில திருப்பி வைக்கணும்."

அவனை எப்படி நடத்துவதென்று எனக்குத் தெரியும் என்று சொல்லி, உமாபதி அவளைச் சமையலறையிலிருந்து வெளியேற்றினார்.

பரங்கிக்காயை ஒரு குடம் தண்ணீரில் வேக வைத்தார். தண்ணீரோடு மசித்தார். மாவு பாயசம் மாதிரி ஓடியது. மைதா போட்டார். இன்னும் ஓடியது. இன்னும் போட்டார். இப்போது கரண்டி நகரவில்லை. உமாபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. கையை உள்ளே விட்டு, பரோட்டாக் கடையில் போல அடித்துப் பிசைந்தார். கிண்ணங்களில் அடைத்து அவனிடம் ஒப்படைத்தார். பாதியில் திருப்பி வைக்கவில்லை. மனைவி சொன்னதைச் செய்வது அன்றைய கொள்கைக்கு விரோதம்.

வெளியே வந்தவை ஒரு பக்கம் கறுத்தும் ஒரு பக்கம் வெளுத்தும் இருந்தன. அவர்களுடைய ஏழு வயது மகள் மீனலோசனி, பஹ்ரைனிலேயே பிறந்து வளர்ந்தவள், ஒன்றைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தாள்.

"இஸ் இட் ஃபுட், அப்பா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

பிரபாவதி சிரிக்கவில்லை. அதுதான் உமாபதிக்கு அதிகமாக வலித்தது.

அன்று சாயங்காலம் காம்பவுண்டுச் சுவரருகே கல்யாணசுந்தரத்தைப் பார்த்து நடந்ததைச் சொன்னார். கல்யாணசுந்தரம் பாங்க் உத்தியோகஸ்தர். தன் வீட்டில் வாய் திறக்காத மனிதர். அதனால் அடுத்த வீட்டுக்கு ஆலோசனை சொல்லத் தாராளமாக நேரம் இருந்தது. சார், கவலையே படாதீர்கள் என்றார் அவர். மஃபின் நன்றாக வந்தால் உங்களுக்கு வெற்றி. கல்லாக வந்தாலும் உங்களுக்கே வெற்றி. பாருங்கள், ஆண்பிள்ளை உயிரைக் கொடுத்துப் பார்த்தும் முடியவில்லை, இது பெண்கள் கைக்குத்தான் வசப்படும் என்று நாலு பேர் முன்னால் கையைக் கூப்பிவிடுங்கள். அப்புறம் அந்த அம்மாள் எப்படி வேலைக்குப் போவார்கள்?

உமாபதி அசந்துபோனார். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் வீட்டில் ஏன் பாத்திரம் துலக்குகிறார் என்று அவருக்குப் புரியவில்லை.

"அப்ப தோத்தாலும் அவ வீட்டுலதான்," என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார்.

ஏர்கண்டிஷனரை நிறுத்தியிருந்ததால் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சமையலறை ஜன்னலுக்கு உள்ளே பிரபாவதி அரிசி களைந்துகொண்டிருந்ததை அவர்கள் இருவரும் கவனிக்கவில்லை.

தீபாவளி வந்தது, போனது. விருந்து நாள் காலையில் உமாபதி மறுபடி அடுப்படியில் இறங்கினார். இந்தத் தடவை தண்ணீரைக் குறைத்தார். நாலு முட்டை உடைத்து ஊற்றினார். மற்றபடி தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. சுட்டு எடுத்தவற்றை ஒரு பெரிய டப்பாவில் அடுக்கி, மேலே துணி போட்டு மூடினார். ருசி பார்க்கவில்லையா என்று பிரபாவதி கேட்டாள். ருசி பார்ப்பதெல்லாம் நம்பிக்கை இல்லாதவர்கள் வேலை என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுப் படுத்தார். வார விடுமுறையான வெள்ளிக்கிழமைத் தூக்கம் நீளமானது. எழுந்தபோது வீடெல்லாம் பட்டையும் கிராம்பும் கமகமத்தது. காலையில் சுட்டது இன்னும் மணக்கிறதே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

கல்யாணசுந்தரத்தின் மாடியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். கடற்காற்று வீசியது. முறுக்கும் மிக்சரும் மைசூர்பாகும் ஒரு சுற்று வந்தன. பிறகு உமாபதி டப்பாவைத் திறந்தார். ஜெயித்தால் சொல்ல ஒரு பேச்சும், தோற்றால் சொல்ல ஒரு பேச்சும் அவரிடம் தயாராக இருந்தன.

முதல் மஃபினைக் கல்யாணசுந்தரம் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். மூடிய கண் அப்படியே இருந்தது. பிறகு இரண்டாவதை எடுத்தார். அதற்குள் நாலு கைகள் டப்பாவுக்குள் புகுந்துவிட்டன. உமாபதியும் ஒன்றை எடுத்துப் பிட்டார். உள்ளே ஈரம். மெத்தென்ற ஈரம். சுக்கின் காரம் லேசாகத் தொண்டையைத் தொட்டது. மானேஜர் வீட்டில் சாப்பிட்டதைவிட ஒரு பிடி மேல்.

அவருக்கே ஆச்சரியம்தான். ஆனால் ஆச்சரியப்பட அவர் பழகவில்லை. எழுந்து நின்றார். சமையல் சமையல் என்று நம் வீட்டுப் பெண்கள் ஒரு மலையைக் காட்டி நம்மைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். அது மலையே அல்ல, மணல் மேடு என்றார். புத்தியுள்ள ஆண்பிள்ளை ஒருநாள் காலையில் கையைக் கழுவிக்கொண்டு இறங்கினால் போதும், இதெல்லாம் இடது கையால் முடிகிற காரியம் என்றார். ஆண்கள் பக்கத்தில் கைதட்டல் எழுந்தது. கல்யாணசுந்தரத்தின் மனைவி கல்யாணசுந்தரத்தைப் பார்த்தாள். அவர் கைதட்டலை நிறுத்திக்கொண்டார்.

விருந்துக்கு வந்திருந்த தலைமையாசிரியை ஜெயலட்சுமி அம்மாள் ஒரு மஃபினைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் சாப்பிடாமல் இருந்தார். சுத்த சைவம்.

"இதுல முட்டை உண்டா?" என்று கேட்டார்.

உமாபதி வாயைத் திறப்பதற்குள் பிரபாவதி பதில் சொல்லிவிட்டாள். "இல்லை மேடம். அவர் தயிர் விட்டுத்தான் செஞ்சார். நீங்க தாராளமாச் சாப்பிடலாம்."

உமாபதியின் வாயிலிருந்த மஃபின் அங்கேயே நின்றது. நாலு முட்டையையும் தன் கையால் உடைத்தவர் அவர். மனைவியைப் பார்த்தார். அவள் அவரை நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவருக்கு வெளிச்சம் ஆனது. மத்தியானம் வீடு மணந்தது காலையில் சுட்டதால் அல்ல. அவர் தூங்கிய நேரத்தில் அவன் இரண்டாம் முறை எரிந்திருக்கிறது. அதே கிண்ணம், அதே டப்பா, அதே துணி. மஃபின் மட்டும் வேறு.

இது நான் சுட்டதல்ல என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். ஆனால் இடது கையால் முடிகிற காரியம் என்று சொல்லி வாய் மூடவில்லை. மாடி நிறையத் தமிழர்கள்.

"கட்டித் தயிர்," என்றார் உமாபதி.

ஜெயலட்சுமி அம்மாள் நிம்மதியாகச் சாப்பிட்டார். ரசித்து முடித்துவிட்டுக் கைக்குட்டையால் விரலைத் துடைத்தார்.

"மிஸ்டர் உமாபதி, உங்க மிசஸ் வேலைக்கு வர்றதுக்குச் சமையல்தான் தடைன்னு கேள்விப்பட்டேன். உங்களுக்கு அது இடது கை வேலைன்னு இப்பத்தான் தெரியுது. நாளைக்கு சனிக்கிழமை, வாரத்தோட முதல் வேலை நாள். நாளைக்கே அனுப்பி வைக்கறீங்களா?"

கையைக் கூப்பி, ஆண்பிள்ளையால் முடியாத வேலை இது என்று சொல்ல அவர் தயாரித்து வைத்திருந்த பேச்சு நெஞ்சுவரை வந்தது. மஃபின் டப்பா எதிரில் காலியாகக் கிடந்தது. அந்தப் பேச்சை இனி எந்த முகத்தோடு பேசுவது? கல்யாணசுந்தரத்தைத் தேடினார். அவர் தண்ணீர் கொண்டுவரக் கீழே போயிருந்தார்.

"அதுக்கென்ன மேடம். தாராளமா," என்றார் உமாபதி.

வீட்டுக்குத் திரும்பியதும், மீனலோசனி தூங்கப் போகும்வரை காத்திருந்து, அவர் நேராகவே கேட்டார்.

"நான் தோத்துப்போறதுதானே உனக்கு நல்லது? எதுக்கு ஜெயிக்க வெச்சே?"

"நீங்க தோத்தா, ஆம்பளைக்கு இது முடியாதுன்னு சொல்லி என்னை உட்கார வெச்சிருப்பீங்க," என்றாள் பிரபாவதி, பள்ளிக்கூடத்துக்குப் புடவை எடுத்து வைத்துக்கொண்டே. "சுவர்கிட்ட நின்னு பேசும்போது கொஞ்சம் மெதுவாப் பேசக் கூடாதா?"

உமாபதி அசரவில்லை. சரி, போ, நாளைக்கு மத்தியானம் நீ திரும்பி வரும்போது இந்த வீட்டில் சாம்பாரும் பொரியலும் தயாராக இருக்கும், நீயே வாயடைத்துப் போவாய் என்று சபதம் செய்தார். அதையும் பார்ப்போம் என்று அவள் சொல்லவில்லை. சந்தோஷம் என்றாள்.

சனிக்கிழமை அவருக்கு மத்தியான டூட்டி. காலையில் குளித்து, வேட்டியை மடித்துக் கட்டி, போருக்குப் போகிறவர் மாதிரி சமையலறைக்குள் நுழைந்தார். பருப்பை ஏற்றினார். புளியைக் கரைத்தார். எல்லாம் கட்டுக்குள் இருந்தது. அடுப்பைப் பெரிதாக்கிவிட்டு, கரண்டியும் கையுமாக அலமாரியைப் பார்த்து நின்றார்.

"பிரபா, உப்பு எங்கே இருக்கு?" என்று குரல் கொடுத்தார்.

பள்ளிக்கூட பஸ் அப்போது ஈசா டவுன் வளைவைத் தாண்டிப் போயிருந்தது.