முடி நட டாக்டர் தேடுகிறவர்

மனிதர்களில் நாலு இடத்தில் விசாரிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கத்தரிக்காய் வாங்க நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் சொத்தையை வாங்கி வருவார். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் எங்கே நிற்கும் என்று டைம் கீப்பரைத் தவிர மற்ற எல்லாரையும் கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும். போன பிறகு, அது எத்தனை மணிக்குப் போயிற்று என்றும் விசாரிப்பார். மனை வாங்க விசாரிக்கிறவர், பிள்ளையைக் காலேஜில் சேர்க்க விசாரிக்கிறவர் என்று இதில் பல கிளைகள். ஆனால் இந்த இனம் முழுதாக வளர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமா? தலையில் முடி நட்டுக்கொள்ள நல்ல டாக்டர் தேடுகிறவரைப் பாருங்கள்.

எனக்கு அந்தப் பாக்கியம் வீட்டிலேயே கிடைத்தது. என் தம்பி கிரண்குமார்.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் போட்டோ வைத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவன். எங்கள் நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள். நானும் பத்தாவது முடிக்கிற வரை லீவு நாளெல்லாம் சேற்றில் நின்றவள்தான். அவனோ ஸ்ரீ சிட்டியில் செல்போன் செய்கிற கம்பெனியில் லைன் லீடர். அவன் கை தூக்கினால் நாற்பது பேர் வேலையை நிறுத்துவார்கள். அவன் பெருமையை நான் இன்னும் இரண்டு பக்கம் எழுதுவேன். ஆனால் விஷயம் முடி.

வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த அட்டைப் போட்டோவில் அவனுக்குச் சீப்பு உடைகிற முடி. ஐந்து வருஷத்தில் முன்பக்கம் பின்வாங்கி, உச்சியில் ஒரு தட்டு தெரிந்தது. கேட்டில் செக்யூரிட்டி அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். தடாவில் அவன் தங்கியிருந்த ரூமின் உப்புத் தண்ணீர் காரணம் என்றான். பிறகு கம்பெனியில் போடுகிற தொப்பி என்றான். பிறகு ஹெல்மெட். எங்கள் நைனா உப்புத் தண்ணீரும் காணாமல், ஹெல்மெட்டும் காணாமல் முப்பது வயதில் வழுக்கையானவர் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

இந்த நேரத்தில் பலமனேரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் ரூபா. பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. கொண்டுவந்த பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. அவள் நைனா குவைத்தில் இருந்தார். தை மாதம் லீவில் வருகிறார், வந்ததும் பெண் பார்க்க வாருங்கள், அதற்கு முன் பையன் போட்டோ ஒன்று அனுப்புங்கள் என்றார்கள்.

ஆவணியில் போட்டோ போயிற்று. எந்தப் போட்டோ? ஐந்து வருஷத்துக்கு முந்தைய அட்டைப் போட்டோ. அனுப்பியது யார் என்று இப்போது கேட்காதீர்கள்.

ஆகவே தைக்குள் தலை போட்டோவைப் போல ஆக வேண்டும். இல்லாவிட்டால் சம்பந்தம் போய்விடும். தம்பி விசாரணையில் இறங்கினான்.

இந்த இனத்தின் முதல் லட்சணம், டாக்டரைத் தவிர மற்றவர்களிடம் விசாரிப்பது. கம்பெனி பஸ் டிரைவரைக் கேட்டான். கேண்டீனில் சாம்பார் ஊற்றுகிறவரைக் கேட்டான். முடி வெட்டுகிற துலுக்காணத்தைக் கேட்டான்; அவர், "இருக்கறத வச்சிக்கினு அழகா வெட்டறேன், குந்து நைனா" என்றார். அதை அவன் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. போனில் நட்சத்திரம் எண்ணினான். ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒரே நட்சத்திரம் கொடுத்திருந்தவர் எழுதியதைப் படித்துக் காட்டி, "பார்த்தியாக்கா, இங்க போவக் கூடாது" என்றான். அந்த மனுஷர் வண்டி நிறுத்த இடமில்லை என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது லட்சணம், டாக்டரின் படிப்பைப் பார்க்காமல் டாக்டரின் தலையைப் பார்ப்பது. ஒரு டாக்டருக்கு அடர்த்தியான முடி. "இவருக்கு நம்ம கஷ்டம் இன்னா தெரியும்?" இன்னொருவருக்கு வழுக்கை. "தன் தலைக்கே செஞ்சிக்க முடியல." மூன்றாமவருக்குப் பாதி முடி. "எதுலயும் ஒரு தெளிவு இல்லாதவரு போல கீது." எந்தத் தலையோடுதான் ஒரு டாக்டர் இவர்கள் முன் வந்து உட்காருவது?

கடைசியில் திருப்பதியில் ஒரு கண்ணாடிக் கட்டிடம் அவன் மனசுக்குப் பிடித்தது. நானும் கூடப் போனேன். நான் எங்கே போனாலும் ஒரு கோடு போட்ட நோட்டுக் கொண்டுபோவேன். உள்ளே மீன் தொட்டி, குளிர், சுவர் முழுக்க முடி நடுவதற்கு முன்னே, நட்ட பின்னே என்று போட்டோக்கள். ஓர் அண்ணன் டீ கொண்டுவந்து கொடுத்தார்; நல்ல டீ. டாக்டரைப் பார்க்கலாமா என்றேன். டேபிளுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்து, தெலுங்கும் தமிழுமாக, நாற்காலியைக் காட்டினாள்.

"கூச்சோண்டி மேடம். டாக்டர் காரு ரொம்ப பிஸி. ஆபரேஷன் அன்னிக்கு வருவாரு."

தம்பி என் பக்கம் குனிந்தான். "பார்த்தியா, எவ்ளோ பிஸின்னு."

"டாக்டர் பேரு இன்னாம்மா? இன்னா படிச்சிருக்காரு?" என்றேன், பேனாவைத் திறந்து.

"எங்க டீம் எக்ஸ்பர்ட் டீம் மேடம்."

"குழி போட்டு நடறது யாரு? டாக்டரா, வேற ஆளா?"

"டீம் மேடம்."

"தைக்குள்ள வந்துடுமா?" என்று நடுவில் புகுந்தான் தம்பி.

"அலை அலையா வரும் சார்."

நான் கேட்ட கேள்வி படிப்பில் வந்ததல்ல. சேற்றில் வந்தது. நடவுக்கு ஆள் பேசும்போது மேஸ்திரி நல்ல கையாக நாலு பேரைக் கரையில் நிறுத்திக் காட்டுவார். மறுநாள் நிலத்தில் இறங்குவது வேறு நாலு பேர். நாற்று சாய்ந்து மிதக்கும்போது மேஸ்திரி போனை எடுக்க மாட்டார். எங்கள் அம்மா வெங்கடம்மாவை எத்தனையோ மேஸ்திரிகள் இப்படிக் கரையில் நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். இதை பஸ்ஸில் தம்பியிடம் சொன்னேன்.

"அக்கா, இது நெல்லு இல்ல, தலை."

"அதாண்டா சொல்றேன். நெல்லுன்னா அடுத்த போகம் கீது."

நடப்பட்ட தலை ஒன்றை நேரில் பார்க்காமல் முடியாது என்று நான் பிடிவாதம் பிடித்ததால், கண்ணாடிக் கட்டிடத்துப் பெண் ஒரு பெயர் கொடுத்தாள். தடாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் வேதாச்சலம். ஞாயிற்றுக்கிழமை போனோம். கல்லாவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை முழு மொட்டை, மேலே சந்தனம்.

"வேதாச்சலம் அண்ணன் இல்லீங்களா?"

"நான்தாம்மா."

"முடி நட்டுக்கினீங்கன்னு..."

"நட்டுக்கினேன். வந்துச்சு! வந்தா ஏழுமலையானுக்கே குடுத்துடறேன்னு வேண்டிக்கினேன். நேத்துதான் மலைக்குப் போய்க் குடுத்துட்டு வந்தேன்."

பெருங்காயம் மணத்தது. பிறகு தம்பி என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னான்: "வந்ததாலதானேக்கா குடுத்திருக்காரு! வராதவன் எதைக் குடுப்பான்?"

பார்த்தீர்களா? இதுதான் மூன்றாவது லட்சணம். முடிவை முதலில் எடுத்துவிட்டு, பிறகு சாட்சி தேடுவார்கள். சாட்சியே மொட்டை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அதில் முடியைப் பார்ப்பார்கள். நான் பார்த்தது வேறு. வேதாச்சலத்தின் கன்னத்தில் காலையில் மழித்த தாடி அதற்குள் கறுத்திருந்தது. நேற்று மழித்த உச்சி, சந்தனம் உதிர்ந்த இடத்தில், எவர்சில்வர் மாதிரி இருந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

என் திருப்திக்காக, சித்தூரில் லீனா என்று ஒரு தோல் டாக்டரிடமும் வந்தான். சர்ச் தெருவில் மாடிமேல் சின்ன அறை. மீன் தொட்டி இல்லை. டீ இல்லை. அவரே எழுந்து வந்து, லென்ஸ் வைத்து, தம்பியின் தலையைக் கால் மணி நேரம் பார்த்தார். சுவரில் அவர் படிப்பும் மெடிக்கல் கவுன்சில் நம்பரும் இருந்தன, எழுதிக்கொண்டேன்.

"நடறது யாரும்மா?"

"குழி போடறதும் எடுக்கறதும் நான். நடும்போது ரெண்டு பேர் கூட இருப்பாங்க, நான் எழுந்து போவ மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு தலைதான்."

"தைக்குள்ள வந்துடுமா டாக்டர்?" என்றான் தம்பி.

"யாரு செஞ்சாலும் வராது தம்பி. நட்டது முதல்ல கொட்டும், அப்புறம் மெல்ல வரும், ஒரு வருஷம் ஆவும். உனக்கு இப்ப நடவும் வேணாம். இன்னும் கொட்டிக்கினே இருக்குது. ஆறு மாசம் மருந்து போடு, கொட்டறது நிக்கட்டும். பின்னந்தலையில இருக்கறது ஒரே நாற்றங்கால். அவசரத்துல அதைக் காலி பண்ணிட்டா, அப்புறம் எங்க போய்ப் பறிப்பே?"

எனக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. படி இறங்கும்போது தம்பி சொன்னான்: "தெரியாதவங்கதான் வேணாம்னு சொல்லுவாங்க. லிஸ்ட்ல இருந்து எடுத்துடுக்கா."

நான்காவது லட்சணம் அது. முடியாது என்று சொல்கிற டாக்டர் முதல் ரவுண்டிலேயே தோற்றுவிடுவார். இந்த இனம் தேடுவது டாக்டரை அல்ல, ஆமாம் போட ஒரு ஆளை. அந்த ஆளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு இருந்தால் நல்லது.

மார்கழியில் கண்ணாடிக் கட்டிடத்துக்கே போனோம். காலையில் உள்ளே அழைத்துப்போய், நடுவதற்கு முன் செய்கிற வேலை என்று தலையை முழுக்க மழித்தார்கள். நான் வெளியே நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் இருக்கும். உள்ளே இருந்து தம்பியின் குரல் கேட்டது.

"அண்ணா, அன்னிக்கு எங்களுக்கு டீ குடுத்தது நீங்கதானே?"

"ஆமா சார். அது புரட்டாசில. இப்ப ப்ரமோஷன்."

"டாக்டர்?"

"வந்துக்கினே கீறாரு சார். அதுக்குள்ள நாம ஆரம்பிச்சிடலாம்."

நாற்பது பேரை உட்கார வைத்து எழுப்புகிறவன் அல்லவா? ஒரு புதுப் பையனை முதல் நாளே மெஷினில் உட்கார வைக்க மாட்டான் என் தம்பி. கதவு திறந்தது. பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு, பளபளவென்று, வெளியே வந்தான். "அக்கா, கெளம்பு." கட்டிய முன்பணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

தெருவில் இறங்கியதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தைக்கு இன்னும் இருபது நாள். ஆனால் திருப்பதி நல்ல ஊர். அங்கே மொட்டைத் தலையை யாரும் காரணம் கேட்பதில்லை. எதிரில் வந்தவர்களில் பாதிப் பேர் அவனைப் போலவே இருந்தார்கள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கடையில் சந்தனம் வாங்கி அவன் தலையில் தடவினேன்.

"சாமிக்குக் குடுத்ததுன்னு சொல்லிடலாம்டா. யாரு கேக்கப் போறா?"

"மலைக்கே போவலியேக்கா."

"இங்க இருந்தே தெரியுது பார், கும்பிட்டுக்கோ."

பலமனேரில் அவர்கள் வீட்டில் நன்றாகத்தான் ஆரம்பித்தது. வழுக்கை எதுவரை என்று தெரியாமலிருக்க, தினமும் புதிதாக மழித்து, சந்தனம் தடவி வைத்திருந்தோம். குவைத்திலிருந்து வந்தவருக்கு மகா சந்தோஷம். "இந்தக் காலத்துப் பையன், இவ்ளோ பக்தி!" என்றார். கூட வந்திருந்த எங்கள் அம்மா தலை குனிந்துகொண்டாள். ரூபா காபி கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. எதிரில் உட்கார்ந்தாள். தலையைப் பார்த்தாள், நிலையத்தில் பாலை அப்படித்தான் பார்ப்பாள் போல.

"கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இது சாமிக்குக் குடுத்ததா?"

தம்பி அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். விசாரிக்க வேறு ஆள் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் ஒரு பதில் சொன்னான்.

"இல்லீங்க. ஒரு ஆஸ்பத்திரில டீ குடுக்கறவருக்குக் குடுத்தது."

நடந்தது முழுவதையும் சொன்னான். உச்சியில் கையை வைத்து, எதுவரை வழுக்கை என்று கோடு போட்டுக் காட்டினான். ரூபாவின் நைனா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப அந்தப் போட்டோ?"

"அஞ்சு வருஷம் முந்தினதுங்க."

"அனுப்புனது யாரு?"

அவன் சொல்லவில்லை. அதற்காகவே அவனை நான் பெருமையாகப் பேசுவேன். ஆனால் காபியில் அவ்வளவு நேரம் முகம் பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

ரூபா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு அவள் நைனாவிடம் சொன்னாள்: "தண்ணி எவ்ளோ கலந்ததுன்னு அவரே சொல்லிட்டாரு நைனா. எங்க சென்டர்ல ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல." தம்பியிடம், "ஒரு மாசம் மழிக்காதீங்க. வர்றது வரட்டும். அப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, தேதி போட்டு. நீங்களே அனுப்புங்க" என்றாள்.

மாசியில் அனுப்பினான். முன்னால் காலி, உச்சியில் தட்டு, தேதி தெளிவாக. வைகாசியில் முகூர்த்தம். இப்போது லீனா டாக்டரின் மருந்தைப் போட்டுக்கொண்டிருக்கிறான். நடலாமா வேண்டாமா என்பது மருந்துக்கு அப்புறம். ரூபாவுக்கு அதில் அவ்வளவு அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் என் தம்பியைப் பார்த்துச் சிரித்தீர்கள். சரி. ஆனால் நடுவில் எங்கேயோ, அந்தச் சித்தூர் டாக்டர் மாடி சர்ச் தெருவில் எந்தப் பக்கம், போன் நம்பர் கிடைக்குமா, இதை எழுதுகிற அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்ததா இல்லையா? என்னை உங்களுக்கு முன்னே பின்னே தெரியாது. படித்தது பத்தாவது. பழைய போட்டோ அனுப்பியவள், மலைக்குப் போகாமல் சந்தனம் தடவியவள். என்னிடமா டாக்டருக்கு விசாரிக்கிறீர்கள்?

கேளுங்கள், சொல்கிறேன். உங்களுக்கு முன்னால் பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள். நோட்டில் உங்கள் பெயரையும் எழுதிக்கொள்கிறேன்.