ஒரு டம்ளருக்கு ஓரணா

மாட்டுங்கா, பம்பாய்.
சர்வதாரி வருஷம், வைகாசி 10, ஞாயிற்றுக்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ கல்பாத்தி மைத்துனர் சங்கரன் அவர்களுக்கு, மாட்டுங்கா அனந்தநாராயணன் அநேக நமஸ்காரம். இவ்விடம் அனைவரும் க்ஷேமம் என்று கை தானாக எழுத ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். ஆபீஸில் முப்பது வருஷம் பொய்க் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்கியவன், பென்ஷன் வாங்கிக்கொண்டும் அதையே செய்ய வேண்டாம் என்று பட்டது. தங்கள் முழங்கால் வலி தேவலையா? மன்னி சௌக்கியமா? அங்கே மழை பிடித்துவிட்டதா? இவற்றுக்குப் பதில் வராவிட்டாலும் பாதகமில்லை. கீழே கேட்டிருப்பதற்கு வந்தாக வேண்டும்.

விஷயம் தங்கள் தங்கை அபயாம்பாளைப் பற்றியது. கார்த்திகை மாசம் சர்க்கரைக்குக் கண்ட்ரோலை எடுத்தார்கள் அல்லவா, அன்றிலிருந்து இந்த பில்டிங்கில் ஒருவருக்கும் நாக்கு ஸ்வாதீனத்தில் இல்லை. நாலு வருஷம் ராஷன் கடையில் நின்ற ஏக்கத்தை எல்லாம் ஒரே டம்ளரில் தீர்த்துக்கொள்கிறார்கள். காப்பியில் ஸ்பூன் செங்குத்தாக நிற்கிறது. தெருமுனைக்குப் போனால் ஒரு பக்கம் ராஸ்பெரி கலர், மறுபக்கம் கரும்புச்சாறு, நடுவில் ஷர்பத் வண்டி. அபயாமுக்கும் காப்பிக்கு மூன்று ஸ்பூன். தை மாசம் அம்மிக் குழவி உருண்டு அவள் கால் பெருவிரலில் சின்னதாக ஒரு காயம், அது மாசி வந்தும் ஆறவில்லை என்று டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் என்னவோ நீல மருந்தில் இவள் நீரை விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. "இதை வச்சு வீடே கட்டலாம் போலிருக்கே" என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனிப்பை விடாவிட்டால் விரல் போகும், அப்புறம் கால், அப்புறம் என்று அங்கே நிறுத்திக்கொண்டு ஊசி மருந்துக்குச் சீட்டு எழுதினார்.

"குடிக்காதே" என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர். எனக்கு வாய் வரவில்லை. காரணம் பின்னால் எழுதுகிறேன். சொல்வதற்குப் பதிலாக வரி போட்டேன். பழைய பிஸ்கோத்து டின்னின் மூடியில் ஒரு துவாரம் வெட்டி, சர்க்கரை போட்ட பானம் எதுவானாலும் டம்ளருக்கு ஓரணா என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அபயாம் அதை இரண்டு தரம் படித்தாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், ஓரணாவை டின்னில் போட்டுவிட்டு உட்கார்ந்து நிம்மதியாகக் குடித்தாள். "வரி கட்டியாச்சு. இனிமே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கப்படாது, கேட்டேளா?" என்றாள். அதற்கு முன்னாவது குடிக்கும்போது ஒரு பயம் இருந்தது, நான் அதையும் போக்கிவிட்டேன். அந்த அணாக்கள் என் சட்டைப் பையிலிருந்துதான் வருகின்றன என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. உடனே இரண்டணா ஆக்கினேன். காப்பி குறைந்தது, பானகம் வந்தது. வெல்லம் என் சட்டத்தில் இல்லையாம். சேர்த்தேன். "ராமருக்கு நைவேத்தியம் பண்ணினதாக்கும். அவர்கிட்டப் போய் வசூல் பண்ணுங்கோ" என்றாள். சுவாமி விஷயம், விலக்குக் கொடுத்தேன். அன்று முதல் எங்காத்தில் தினமும் ராமநவமி. விலக்கை ரத்து செய்தேன், காலை இழுத்து இழுத்து நடந்து பக்கத்து பிளாட் நாகலக்ஷ்மி ஆத்துக்குப் போய்க் குடிக்க ஆரம்பித்தாள். அங்கே என் சட்டம் செல்லாது.

ஒரு வீட்டில் மட்டும் வரி போட்டது என் தப்பு, ராஜதானி முழுக்கப் போட்டால் எங்கே ஓடுவாள் என்று யோசித்தேன். கள்ளையும் சாராயத்தையும் நிறுத்தக் கிளம்பியிருக்கும் சர்க்கார் கலரையும் ஷர்பத்தையும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? ஜனங்களின் ஆரோக்கியத்தை உத்தேசித்து நாலு பக்கத்துக்கு ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கப் புறப்பட்டேன். அங்கேதான் புத்தி போயிற்று. படியேறி வந்தவனைக் காப்பி கொடுக்காமல் அனுப்பினால் நம்மவர்களுக்கு அவமானம், குடிக்காமல் எழுந்தால் எனக்கு ஜன்மப் பகை. சர்க்கரை வேண்டாம் என்று ஒரு மாமியிடம் சொல்லிப் பார்த்தேன். "கண்ட்ரோல் போயும் எங்காத்துல சர்க்கரை இல்லைன்னு நினைச்சேளா?" என்று கண் கலங்கி, இன்னும் ஒரு ஸ்பூன் போட்டுவிட்டாள். ஏழு வீடு, ஏழு டம்ளர், மூன்று கையெழுத்து. அதில் ஒருவர் இது கோயில் கும்பாபிஷேகத்துக்கா என்று கேட்டுக்கொண்டே போட்டார்.

சரி, தாராவிப் பக்கம் போவோம் என்று போனேன். அங்கே பூலோகம் என்று ஒருவர், திருநெல்வேலிக்காரர், சோடா கலர் கடை வைத்திருக்கிறார். மனுவைப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். "சாமி, நாள் பூராவும் தோல் ஷாப்புல வேகுதவன் சாயங்காலம் ஒரு கலரு குடிக்கான். அவனுக்குன்னு இருக்கதே அது ஒண்ணுதான். அதுக்கும் வரியா?" என்றார். உடம்புக்குக் கெடுதல் என்று ஆரம்பித்தவன் எப்படியோ அபயாமின் விரல் கறுத்திருப்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். மனிதர் பாட்டில் கழுவுவதை நிறுத்தினார். "அம்மாகிட்ட குடிக்காதியன்னு நீங்க வாயைத் திறந்து ஒரு மட்டமாவது சொன்னியளா?" என்று கேட்டார். மனுவை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவரும் ஒரு கலர் உடைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

சொல்லவில்லை, சங்கரன். ஏன் என்றால், நாலு வருஷக் கண்ட்ரோலில் ஒரு நாள்கூட என் காப்பியில் தித்திப்புக் குறைந்ததில்லை. ராஷனில் இது எப்படி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஹெட் கிளார்க் புத்தி, மேஜைக்கு வந்த ஃபைலைப் பார்ப்பேன், எங்கிருந்து வந்தது என்று பார்க்கமாட்டேன். கண்ட்ரோல் போன அன்று அவள் முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை, நாலு வருஷமாச்சு" என்றாள். அவள் பங்கும் சேர்ந்து என் டம்ளரில் விழுந்திருக்கிறது. அப்படிப்பட்டவள் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்க எனக்கு எந்த முகம்? ஆகையால் நீர் எழுதும். அண்ணா வார்த்தையை அவள் தட்டமாட்டாள். கொஞ்சம் கோபமாகவே எழுதும். மனுவையும் இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பும். வேறு ராஜதானிக்காரர் என்று தள்ளினால் தள்ளிவிட்டுப் போகட்டும்.

மன்னிக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு நீண்ட ஆயுசும், காப்பியில் அரை ஸ்பூனுக்கு மேல் கேட்காத நாக்கும் கிடைக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
நூரணி அனந்தநாராயணன்

பி.கு.: இதை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. இன்று வியாழக்கிழமை. மேலே கேட்டது ஒன்றும் வேண்டாம். கோபமாக எழுத வேண்டாம், எழுதவே வேண்டாம், கிடைத்த வண்டியில் புறப்பட்டு வாரும். திங்கள் முதல் அவளுக்கு ஜுரம். கறுப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது, இனிமேல் கத்தி வைத்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அவா பிரியப்பட்டதைக் கொடுங்கோ" என்றார். உள்ளே போய்ச் சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்தேன். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக நானே காப்பி போட்டேன், மூன்று ஸ்பூன். தலையைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இத்தனை தித்திப்பாவா போடுவா?" என்றாள். பிறகு தலையணைக்கு அடியில் துழாவி இரண்டணா எடுத்து என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன். டின்னில் போட மனசு வரவில்லை, இதை எழுதும்போதும் இடது கையில்தான் இருக்கிறது.